கம்பளி ஃபெல்டிங்கைப் பிழைப்பாக்க நினைக்கிறீர்களா? எதை முதலில், எதைப் பிறகு செய்வது

ஃபெல்டிங் பற்றி யூடியூபில் தேடினால் வீடியோக்கள் வந்து கொட்டும். எல்லாமே பொம்மை செய்து முடித்ததோடு நின்றுவிடும். செய்ததை எந்தப் பெயரில் விற்பது, எந்தக் கைவினைஞர் அட்டை வாங்குவது, குழந்தைகள் பொம்மை விற்க அனுமதி வேண்டுமா, ஜிஎஸ்டி எடுக்கணுமா, வெளிநாட்டுக்கு எப்படி அனுப்புவது என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேட்பவருக்கு ஓரிடத்தில் பதில் கிடையாது. நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஆளுக்கொரு பதில் கேட்டு, கடைசியில் கோர்த்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலையில் வரிசை ரொம்ப முக்கியம். கை பழகுவதற்கு முன் கடன், பொருள் முடிவாவதற்கு முன் ஜிஎஸ்டி, அட்டை வருவதற்கு முன் பொம்மை ஆர்டர் என்று தலைகீழாகப் போனால் பணமும் போகும், ஆசையும் போகும்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு: ஃபெல்டிங் என்பது நூல் நூற்காமல், தறியில் நெய்யாமல், ஆட்டுக் கம்பளி இழைகளையே ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளச் செய்து துணியாகவோ உருவமாகவோ ஆக்குவது. காஷ்மீரிலும் கட்ச்சிலும் நம்தா விரிப்பு செய்வது இதே வேலைதான்.

1. ஊசியா, தண்ணீரா என்று முதலில் முடிவெடுங்கள்

இரண்டு வழி இருக்கிறது. நீடில் ஃபெல்டிங்கில் பக்கவாட்டில் சின்னச் சின்ன வெட்டுகள் உள்ள ஊசியால் கம்பளியைக் குத்திக் குத்தி இறுக்குவோம். பொம்மை, சட்டையில் குத்தும் ப்ரூச், பறவை, சாமி உருவம் எல்லாம் இதில் வரும். வெட் ஃபெல்டிங்கில் சூடான சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, உருட்டி, சுருங்க வைப்போம். பை, தொப்பி, செருப்பு, டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டர், சுவர்ப் படம் இதில் வரும்.

சின்ன வீட்டில் இருப்பவர்கள் ஊசியில் தொடங்குவது நல்லது. ஒரு ஸ்பாஞ்சுத் துண்டும் ஒரு நாற்காலியும் போதும். வெட் ஃபெல்டிங்குக்கு மேசை, தண்ணீர் ஓட இடம், காயப்போட இடம் மூன்றும் வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் பெரிய துண்டு ஒன்று முழுசாகக் காய நாள்கணக்கில் ஆகும். ஆனால் வேகம் வெட் ஃபெல்டிங்கில்தான். பத்து கோஸ்டரை ஒரே நாளில் முடிக்கலாம், நல்ல ஊசிப் பொம்மை ஒன்றுக்கே அரை நாள் போய்விடும். பிழைப்பு என்று வரும்போது இரண்டும் தெரிந்திருப்பது உதவும். முதல் ஆறு மாதம் ஒன்றில் மட்டும் நில்லுங்கள்.

2. வாங்க வேண்டியது, வாங்க வேண்டாதது

ஊசியில் 36, 38, 40 என்று எண் இருக்கும். எண் கூடக் கூட ஊசி மெல்லிசு. 36 சீக்கிரம் உருவம் பிடிக்க, 38 பொது வேலைக்கு, 40 கடைசியில் மேற்பரப்பை மழமழப்பாக்க. மூன்றிலும் ஐந்தைந்து வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். உடையும், அதற்காகத்தான் ஐந்து. குத்திய கோணத்திலேயே வெளியே எடுக்க வேண்டும். உள்ளே விட்டபின் கையைச் சாய்த்தால் ஊசி முறிந்து முனை பொம்மைக்குள் தங்கிவிடும். அந்த முனையை எடுக்க முடியாவிட்டால் பொம்மையை விற்கவே கூடாது.

விரல் உறை இரண்டு, கனமான ஸ்பாஞ்சு ஒன்று, அவ்வளவுதான். டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப வருடம் ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொண்டு தொடங்குங்கள், இதில் விரலில் குத்துப்படாமல் யாரும் பழகியதில்லை.

வெட் ஃபெல்டிங்குக்கு பபிள் ராப், பழைய மூங்கில் திரை அல்லது பாய், கொசுவலைத் துண்டு, சாதாரணக் குளியல் சோப்பு. உங்கள் ஊரில் உப்புத் தண்ணீர் என்றால் சோப்பு நுரைக்காது, கம்பளியில் வெள்ளையாகத் திட்டு படியும். மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ பயன்படுத்தி, கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டால் சோப்பு முழுதாகப் போகும்.

மோட்டார் வைத்த ஃபெல்டிங் மெஷின், கம்பளியைச் சீவும் கார்டிங் டிரம், நாற்பது நிறக் கம்பளிப் பெட்டி, இவை மூன்றும் முதல் வருடத்தில் தேவையில்லை. சமாளிக்க முடியாத அளவு ஆர்டர் வந்தபின் யோசிக்கலாம்.

3. கம்பளி: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

"வுல்" என்று போட்டிருப்பதெல்லாம் கம்பளி இல்லை. பின்னல் கடையில் கிடைக்கும் விலை குறைந்த உருண்டைகள் பெரும்பாலும் அக்ரிலிக். அதைச் சோப்புத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் ஃபெல்ட் ஆகாது. சூப்பர்வாஷ் என்று எழுதிய கம்பளியும் ஆகாது, ஏனென்றால் சுருங்காமல் இருப்பதற்காகவே இழையின் செதிலை மழுங்கடித்திருப்பார்கள். அந்தச் செதில்கள்தான் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. சந்தேகம் வந்தால் ஒரு இழையைப் பற்றவைத்துப் பாருங்கள்: கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கரும் உருண்டையாகும்.

மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி மெல்லியது, தோலில் குத்தாது, தண்ணீரில் அழகாகச் சேரும். அதையே ஊசி வேலைக்கு உள்ளிருந்து வெளிவரை போட்டால் காசும் வீண், உருவமும் சீக்கிரம் இறுகாது. பொம்மையின் உள்பகுதிக்குச் சற்று முரட்டுக் கம்பளி வைத்து, மேலே மட்டும் நிற மெரினோவை மெல்லிசாகப் போர்த்துங்கள். முரட்டுக் கம்பளி பிகானேர் பக்கத்திலிருந்து கிலோக் கணக்கில் வருகிறது. சாயமிட்ட மெரினோ டாப்ஸ் (சீவி நீளமாகத் திரட்டிய கம்பளி) சில்லறையில் 100 கிராம் 300 முதல் 500 ரூபாய் வரை என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும். ஒரே நிறத்தை ஒரே சாயத் தொகுதியில் வாங்குங்கள், அடுத்த முறை அதே பெயரில் வரும் சிவப்பு அதே சிவப்பாக இருக்காது.

நம் ஊர்க் கம்பளியே கிடைக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். கிடைக்கும், எல்லா ஆட்டிலும் இல்லை. ராமநாதபுரம் வெள்ளை, மேச்சேரி, சென்னைச் சிவப்பு, வேம்பூர் இவையெல்லாம் மயிர் ஆடுகள், கம்பளி தராது. கோயம்புத்தூர்க் குறும்பை ஆடும் திருச்சி கருங்குறும்பை ஆடும் முரட்டுக் கம்பளி தரும், விரிப்புக்கும் பொம்மையின் உள்பகுதிக்கும் அது போதும். மெல்லிய கம்பளிக்கு நீலகிரி ஆடு இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆடு ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமும் இருக்கின்றன. மன்னவனூரில் பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கிறார்கள். போகும் முன் கடிதம் எழுதி, கம்பளி விற்பனை உண்டா, எந்த மாதம் கத்தரிப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பச்சைக் கம்பளி வாங்கினால் எடையில் பெரும்பகுதி கொழுப்பும் மண்ணும் முள்ளும்தான் என்பதை வைத்து விலை பேசுங்கள். வலைப்பையில் தளர்வாகப் போட்டு, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறு விட்டு, அசைக்காமல் ஊற விட வேண்டும். கிண்டினால் அங்கேயே ஃபெல்ட் ஆகிவிடும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும், திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் சுருங்கும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

4. விற்பதற்கு முன் மாதிரி நோட்டு

இதைத் தவிர்த்துவிட்டு யாராலும் நிலையாகத் தொழில் செய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு புதுக் கம்பளிக்கும் 30 செ.மீ. சதுர மாதிரி செய்யுங்கள். எத்தனை கிராம், எத்தனை அடுக்கு, எவ்வளவு நேரம், முடிவில் எத்தனை செ.மீ. என்று எழுதி, ஒரு மூலையை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள். 30 செ.மீ. சதுரம் 20 ஆகச் சுருங்கினால் உங்கள் பெருக்கல் எண் ஒன்றரை. 24 செ.மீ. மடிக்கணினி உறை வேண்டுமென்றால் 36 செ.மீ. அகலத்துக்குக் கம்பளி பரப்ப வேண்டும். இந்த எண் கம்பளிக்குக் கம்பளி மாறும், அதே கம்பளியில் உங்கள் கைக்கும் என் கைக்கும்கூட மாறும். அதனால் இன்னொருவர் அளவைக் கடன் வாங்க முடியாது.

போதுமான அளவு இறுகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை: மேற்பரப்பில் இரண்டு விரலால் கிள்ளி மெதுவாகத் தூக்குங்கள். இழைகள் தனியாக எழும்பி வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. கீழ் அடுக்கோடு சேர்ந்து முழுத் துண்டும் எழும்ப வேண்டும். ஊசிப் பொம்மைக்கு, கட்டை விரலால் வயிற்றில் அழுத்தி எடுங்கள், குழி உடனே நிரம்பினால் சரி, குழி அப்படியே நின்றால் இன்னும் குத்துங்கள். இரண்டு மாதத்தில் தொங்கிப்போய் வாடிக்கையாளர் போட்டோ அனுப்புவதெல்லாம் இந்தச் சோதனையைத் தாண்டாத பொருட்கள்தான்.

5. ஒரு பொருள், ஒரு விலை

சென்னை வெயிலில் கம்பளிச் சால்வை விற்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் ஆசையில் சால்வையில்தான் பலர் தொடங்குகிறார்கள். இங்கே ஓடுவது கொலுப் பொம்மை, ப்ரூச், சாவிக்கொத்து, கோஸ்டர், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரம், குழந்தை பிறந்த வீட்டுக்கான தொங்கல், வளர்ப்பு நாயின் உருவம். ஒன்றை எடுத்து, அதில் ஐந்து வடிவம் மட்டும் செய்யுங்கள்.

விலைக்கு ஒரு உதாரணம். ஒரு சாண் உயர கொலுப் பொம்மைக்கு 40 கிராம் கம்பளி 160 ரூபாய், கம்பி, கண், பெட்டி 60 ரூபாய், ஐந்து மணி நேர வேலை மணிக்கு 100 வீதம் 500 ரூபாய். மொத்தம் 720. உடைந்த ஊசி, மின்சாரம், போட்டோ, வீணான துண்டு என்று பத்து சதவீதம் சேர்த்தால் 792. இது உங்கள் அடிவிலை, விற்கும் விலை இன்னும் வரவில்லை. கடைக்காரர் 35 சதவீதம் எடுத்தால் 1,300 ரூபாய்க்கு விற்கும் பொம்மையில் உங்களுக்கு 845 வரும். ஆகவே 1,300க்குக் கீழே எங்கும் விற்காதீர்கள், இன்ஸ்டாகிராமில் நேராக வாங்குபவருக்கும் அதே விலைதான். நேரில் 900, கடையில் 1,300 என்று இருந்தால் அந்தக் கடைக்காரர் அடுத்த தடவை உங்கள் பொருளை எடுக்க மாட்டார். 1,300 யாரும் தரமாட்டார்கள் என்று தோன்றினால் விலையைக் குறைக்காதீர்கள், மூன்று மணி நேரத்தில் முடியும் சின்னப் பொம்மையாக மாற்றுங்கள்.

6. காகிதங்கள், இந்த வரிசையில்

முதலில் ஆதாரில் இருக்கும் பெயர், பான் அட்டையில் இருக்கும் பெயர், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால், பின்னால், விரித்து, சுருக்கி என்று எல்லா விதமும் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய பெண்களுக்கு இன்னும் சிக்கல். மற்ற எல்லா விண்ணப்பமும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கும். ஆதாரில் இப்போது நீங்கள் பயன்படுத்தும் மொபைல் எண் இருக்க வேண்டும், எல்லாமே ஓடிபியில் ஓடுகிறது.

அடுத்து, தொழிலுக்கு என்று தனி வங்கிக் கணக்கு. முதலில் சேமிப்புக் கணக்கு போதும், வீட்டுச் செலவோடு கலக்காமல் இருந்தால் சரி.

மூன்றாவது உத்யம் பதிவு. சிறுதொழில் என்பதற்கான அரசுச் சான்று. ஆதாரும் பானும் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது, பெரும்பாலும் அன்றே வந்துவிடும். பொறி எங்கே என்றால், தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் பல தனியார் தளங்கள், அரசுச் சின்னம் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தொழில் குறியீடு கேட்கும் இடத்தில் ஒன்றுக்கு மேல் சேர்க்கலாம்: பிற ஜவுளிப் பொருட்கள் 1399 என்ற குறியீட்டிலும், பொம்மைகள் 3240லும் வருகின்றன. வகுப்பு எடுக்கும் எண்ணம் இருந்தால் பயிற்சிக்கான குறியீட்டையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

நான்காவதுதான் பலரும் விட்டுவிடுவது: மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் கைவினை மேம்பாட்டு ஆணையர் தரும் கைவினைஞர் அடையாள அட்டை, பெஹ்சான் என்பார்கள். இதுவும் இலவசம். ஆதார், புகைப்படம், வங்கி விவரம், செய்த பொருட்களின் படங்கள் வேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே வேலை தெரியுமா என்று சரிபார்ப்பார்கள், அதனால் ஊசியும் கம்பளியும் கையோடு எடுத்துப் போய்ச் செய்து காட்டத் தயாராக இருங்கள். ஃபெல்டிங் என்றால் அங்கிருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். "நம்தா போன்ற கம்பளி வேலை" என்றோ "துணி, கம்பளிப் பொம்மை" என்றோ சொன்னால் புரிந்துகொள்வார்கள். எந்தக் கைவினைத் தலைப்பில் பதிகிறார்கள் என்பதைக் கவனியுங்கள், பொம்மை செய்பவர் பொம்மைத் தலைப்பில்தான் பதிய வேண்டும், ஏன் என்று அடுத்த பகுதியில் வருகிறது. அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதனால் கை ஓரளவு பழகியதுமே விண்ணப்பித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

7. பொம்மை செய்பவர்கள் இதைப் படிக்காமல் விற்காதீர்கள்

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் உரிமமும் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். வீட்டில் உட்கார்ந்து செய்பவர் சோதனைக் கூடம் வைத்து அந்த உரிமம் எடுப்பது நடக்காத காரியம். ஆனால் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. மேலே சொன்ன அட்டைதான் அந்த விலக்கு.

அட்டை வரும்வரை கொலு, சுவர், மரம், சட்டை இவற்றில் வைக்கும் அலங்காரப் பொருளாக மட்டும் செய்யுங்கள், விளம்பரத்திலும் அப்படியே எழுதுங்கள், குழந்தை கையில் பிடித்திருக்கும் படம் போடாதீர்கள். விலக்கு இருந்தாலும் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. சின்னக் குழந்தைக்கான பொம்மையில் பாசிமணிக் கண், கம்பி, பொத்தான் எதுவும் வேண்டாம், கண்ணையும் கம்பளியிலேயே குத்திவிடுங்கள். ஒவ்வொரு பொம்மையையும் முடித்தபின் காந்தம் ஒன்றை மேலே ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம், உடைந்த ஊசி முனை இருந்தால் தெரிந்துவிடும்.

8. ஜிஎஸ்டி: அவசரப்படாதீர்கள்

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. வகுப்பு போன்ற சேவையும் சேர்ந்தால் 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பது பொது விதி, ஆனால் அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் துணிப் பொம்மையும் நம்தா விரிப்பும் இருக்கின்றன. இதற்கு பான் வேண்டும், சரக்கோடு இ-வே பில் எனும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டும் போட வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஆன்லைன் சந்தைகளில் விற்க, 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி தளத்தில் பானைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனாலும் சில தளங்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமல் கணக்கே திறக்காது. ஒருமுறை பதிவு எடுத்துவிட்டால் விற்பனை பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும், தாமதமானால் கட்டணம் ஏறும். அதனால் தேவை வந்தபின் எடுங்கள், ஒருமுறை ஆடிட்டரிடம் உங்கள் பொருளின் பெயரைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

9. விற்பது

கடையில் வைத்தால் இரண்டு முறை: மொத்தமாகக் காசு கொடுத்து எடுப்பது, அல்லது விற்றபின் பணம். இரண்டாவதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்படியானால் என்னென்ன கொடுத்தீர்கள், விலை என்ன, எத்தனை நாளில் கணக்கு முடிப்பது, பூச்சி அரித்தாலோ காணாமல் போனாலோ யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "நம்மக்குள்ள எதுக்குங்க எழுத்து" என்று சொல்கிற கடையில் கொஞ்சமாகவே வையுங்கள்.

நேராக வாங்கும் கடைக்கும் நிறுவனத்துக்கும் பில்லில் உத்யம் எண்ணைக் கட்டாயம் அச்சிடுங்கள். உத்யம் உள்ள குறுந்தொழிலிடம் பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதற்கான அரசுத் தளத்தில் புகார் போடலாம். புகார் வரை போகத் தேவையில்லாமல், பில்லில் அந்த எண்ணும் ஒரு வரிக் குறிப்பும் இருந்தாலே பல இடங்களில் பணம் சரியாக வரும்.

கைவினைஞர் அட்டை இருந்தால் காந்தி சில்ப் பஜார் போன்ற அரசுக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் கண்காட்சியில் வாடகை கட்டும் முன், அந்த வாடகையைப் போல மூன்று மடங்கு விற்கும் அளவு பொருள் கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் போகாதீர்கள், பார்வையாளராகப் போய்விட்டு வாருங்கள்.

காலம் ரொம்ப முக்கியம். கொலுவுக்கு ஆனியிலேயே படம் போட வேண்டும், ஆடி ஆவணியில் ஆர்டர், நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன் கூரியர் நிறுத்தம். கிறிஸ்துமஸ் பொருள் வெளிநாட்டுக்கு என்றால் அக்டோபருக்குள் பார்சல் கிளம்பியிருக்க வேண்டும். சித்திரை வைகாசி விடுமுறையில் பொருள் விற்பனை படுத்துவிடும், அப்போது வகுப்புதான் சோறு போடும். எட்டுப் பேருக்கு மேல் ஒரு வகுப்பில் சேர்க்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி கொடுக்க வேண்டாம், சோப்புத் தண்ணீரில் உருண்டை செய்யச் சொல்லிக் கொடுங்கள், அவர்களுக்கு அதுதான் சந்தோஷமும்.

10. வெளிநாட்டுக்கு அனுப்ப

ஐஇசி எனப்படும் ஏற்றுமதி எண் வேண்டும். டிஜிஎஃப்டி எனும் மத்திய வெளிநாட்டு வர்த்தக அலுவலகத்தின் தளத்தில் 500 ரூபாய், பானும் முகவரிச் சான்றும் ரத்து செய்த காசோலையும் வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும், சரியாகப் பெரிய ஆர்டர் வந்த அன்றுதான் அது தெரியவரும். ஏற்றுமதி என்று வந்தால் ஜிஎஸ்டி பதிவும் எடுத்து, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யூடி எனும் உறுதிமொழிக் கடிதம் போட்டுவிடுவது நிம்மதி. எல்யூடி நிதியாண்டுக்கு ஒருமுறை.

அஞ்சலகத்தின் டாக் கர் நிர்யாத் கேந்திரா வழியாகச் சுங்கப் படிவத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் நிரப்பி அனுப்பலாம், சின்னப் பார்சலுக்கு அது நல்ல வழி. கைவினைப் பொருள் விற்கும் எட்சி போன்ற வெளிநாட்டுத் தளத்தில் ஒரு பொருளைப் பட்டியலிட 0.20 டாலர், விற்றால் 6.5 சதவீதம், பணம் கைக்கு வரும் செலவு தனி, இதையெல்லாம் விலையில் சேருங்கள். அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. இப்போது 30 டாலர் பொம்மைக்கும் வரி உண்டு, யார் கட்டுவது என்பதைப் பொருள் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விளையாட்டுப் பொம்மை என்றால் அங்குள்ள பாதுகாப்பு விதிக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறி வேண்டும், 2024 டிசம்பர் முதல் மற்றப் பொருட்களுக்கும் அங்கே ஒரு பொறுப்பாளர் பெயர் காட்ட வேண்டும். அதனால் தொடக்கத்தில் ஐரோப்பாவை விட்டுவிடலாம் என்பேன்.

11. கடன் எப்போது

ஒரு வருடம் விற்ற கணக்கு நோட்டு கையில் இருக்கும்போது. அதற்கு முன் வேண்டாம். முத்ரா என்ற மத்திய அரசுக் கடன் திட்டத்தில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை, ஈடு தேவையில்லை. கார்டிங் டிரம்முக்கும் ஒரு சீசன் கம்பளிக்கும் அது போதும். 35 வயது தாண்டியவர்கள் 2025ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்: 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 25 தொழில்கள் பட்டியலில் உங்கள் வேலை எந்தத் தலைப்பில் வரும் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் படிவம் நிரப்புங்கள். மானியம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

12. இருப்பைக் காப்பது

அந்துப்பூச்சி ஒரே மாதத்தில் முழு இருப்பையும் சல்லடை ஆக்கிவிடும். புதிதாக வாங்கிய கம்பளியை, முக்கியமாகப் பச்சைக் கம்பளியை, மற்றவற்றோடு சேர்க்கும் முன் காற்றுப் புகாத பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு மூடிய டப்பா. வேப்பிலையும் கற்பூரமும் பூச்சியை விரட்ட ஓரளவு உதவும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து உதறி வெயில் காட்டுங்கள், நிறக் கம்பளியை மட்டும் நிழலில்.

13. இருபது வருடம் செய்ய வேண்டுமே

ஊசி வேலை மணிக்கட்டையும் தோளையும் தின்னும். முழங்கை மேசையில் பதியும் உயரத்தில் உட்காருங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் குத்தாதீர்கள். காலையில் விரல் மரத்துப்போவது தொடர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள். வருடம் ஏற ஏற வருமானத்தில் பொம்மையின் பங்கைக் குறைத்து வகுப்பு, தொடக்கக்காரர்களுக்கான கிட், பெரிய சுவர்ப் பட ஆர்டர் என்று மாற்றிக்கொண்டே போவதுதான் இந்தத் தொழிலில் நீண்ட நாள் இருக்கும் வழி. கிட் விற்றால் பெட்டியில் உங்கள் பெயர் முகவரி, எடை, தயாரித்த மாதம், எம்ஆர்பி, புகார் எண் அச்சிட வேண்டும், அது பொட்டலப் பொருள் விதி.

லாபம் வரி வரம்புக்குள் இருந்தாலும் வருமான வரிக் கணக்கு வருடாவருடம் போடுங்கள். உத்தேச வருமான முறையில் டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், பெரிய கணக்குப் புத்தகம் தேவையில்லை. நாளைக்கு வங்கி கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டை இலவசம், 16 முதல் 59 வயதுவரை எடுக்கலாம். வருமான வரி கட்டாதவர், மாத வருமானம் 15,000க்குள், வயது 40க்குள் என்றால் பிரதமர் ஷ்ரம் யோகி மான்-தன் திட்டத்தில் சேருங்கள். 29 வயதில் சேர்ந்தால் மாதம் 100 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 200, அரசும் அதே அளவு போடும், 60க்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம். பொதுச் சேவை மையத்தில் ஆதாரும் வங்கிப் புத்தகமும் கொண்டுபோனால் சேர்த்துவிடுவார்கள். 40 முடிந்துவிட்டால் இதில் சேர முடியாது, அந்த வயதை நெருங்குபவர்கள் கம்பளி வாங்கப் போவதற்கு முன் இதை முடித்துவிட்டுப் போங்கள்.